இரண்டாவது சாவி யாரிடம்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பூட்டு என்பது அயலானை வெளியே நிறுத்துவதற்காக மனிதன் கண்ட கருவி. அந்தக் கருவியே சில வேளைகளில் உரியவனை வெளியே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறது. வண்டிக்குள்ளே சாவி தொங்குகிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கதவு பூட்டிக்கொண்டுவிட்டது, ஓட்டுநரோ கண்ணாடி வழியே தம் சாவியைப் பார்த்தபடி தெருவில் நிற்கிறார். மீன் வண்டி, தண்ணீர் கேன் வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி, பார்சல் வண்டி எதுவாயினும் காட்சி ஒன்றுதான். நம்மில் பலர் இதைக் கண்டிருப்போம், கண்டு சிரித்துமிருப்போம்.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் செய்திதானா? அந்த ஓட்டுநருக்கு அன்றைய கூலி போகிறது. சில வேளைகளில் அவருடைய நல்ல பெயரும் போகிறது. ‘கவனமில்லாதவன்’ என்ற ஒரு சொல்லோடு ஊர் அவரைத் தீர்த்துக் கட்டிவிடுகிறது. அத்தீர்ப்பு சரியானதன்று என்பது என் கருத்து. மறதி அவருடையதாக இருக்கலாம். ஆனால் அந்த மறதி ஒரு நாள் பிழைப்பையே விழுங்கும் அளவுக்கு வளர்வதற்குக் காரணம், இரண்டாவது சாவியை அவர் கைக்கு எட்டாமல் வைத்திருக்கும் வழக்கமே. இதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவு பூட்டிக்கொள்வது எப்படி?

முதலில் கருவியைப் பார்ப்போம். நம் வீட்டுக் கதவுகளில் உள்ள பழைய பூட்டைச் சாவி போட்டுத் திருகினாலன்றிப் பூட்ட இயலாது. எனவே சாவியை வீட்டுக்குள் மறந்து வைத்துவிட்டு வெளியிலிருந்து பூட்டுவது என்பது அப்பூட்டில் நடவாத காரியம். பூட்டுகிறவன் கையில் சாவி இருந்தே தீர வேண்டும். எளிய பொருள்தான், ஆயினும் அதற்குள் எவ்வளவு அறிவு பொதிந்திருக்கிறது!

வண்டியின் கதவு அப்படியன்று. பழைய வண்டிகளில் உட்புறக் குமிழை அழுத்திவிட்டு, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி கதவைச் சாத்தினால் போதும்; சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும். மின்சாரத்தால் இயங்கும் ‘சென்ட்ரல் லாக்’ வந்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொள்கின்றன. ரிமோட் உள்ளவற்றில் இன்னொரு விந்தை உண்டு. திறப்பதற்கான பொத்தானை அழுத்திவிட்டுச் சற்று நேரம் எந்தக் கதவையும் திறக்காமல் இருந்தால், வண்டி தானே மறுபடியும் பூட்டிக்கொள்ளும்படி பலவற்றில் அமைத்திருக்கிறார்கள். திருட்டைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சாவி உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்ட விடாத அமைப்பும் சில வண்டிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

இங்கிலாந்து நாட்டில் பார்சல் கொடுக்கும் வேன்களில் ‘ஸ்லாம் லாக்’ என்று ஒன்றைப் பொருத்துகிறார்கள். கதவைச் சாத்தியதுமே அது பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் ஒரு வீட்டு வாசலுக்குப் பொருளைத் தூக்கிச் செல்லும் ஒரு நிமிடத்தில் மற்றவை களவு போகாமலிருக்க இந்த ஏற்பாடு. அந்த வண்டியில் சாவியை உடம்பிலேயே மாட்டிக்கொள்ளாத ஓட்டுநர் என்றாவது ஒரு நாள் வெளியே நிற்பது உறுதி. ஆக, களவுக்கு அஞ்சிச் செய்யப்படும் ஒவ்வொரு ஏற்பாடும் ஓட்டுநரின் நினைவாற்றல் மீது இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றுகிறது.

எங்கள் ஊர்ச் சாலையில்

புதுமடம் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர். கரையில் ஏறும் மீனும் நண்டும் கணவாயும் ஐஸ் போட்ட பெட்டிகளில் அடைபட்டு, சிறு வண்டிகளில் ஏறி, உச்சிப்புளி வந்து இராமநாதபுரம் செல்லும் பெருஞ்சாலையைப் பிடிக்கின்றன. எதிர்த்திசையில் மளிகையும், தண்ணீர் கேன்களும், இப்போது புதிதாக வீட்டுக்கு வீடு வரும் பார்சல்களும் ஊருக்குள் வருகின்றன. இரண்டு வகை வண்டிகளுக்கும் பொதுவான ஒன்று அவசரம். மீனுக்கு ஐஸ் உருகும் அவசரம். பார்சலுக்குக் கைப்பேசியில் ஓடும் கணக்கின் அவசரம்.

எங்கள் பகுதியில் மீன் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய வண்டியில் பேட்டரி நலிந்திருந்தது. நிறுத்தினால் மறுபடி ‘ஸ்டார்ட்’ ஆகாது என்ற அச்சத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பெட்டியைக் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கினார். பின்னால் நின்ற பேருந்து ஒலி எழுப்ப, பதறிக் கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்துவிட்டது. கைப்பேசியும் உள்ளேதான் இருந்தது. அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரரின் போனில் முதலாளியை அழைக்கலாமென்றால் எண் நினைவுக்கு வரவில்லை. இக்காலத்தில் யாருக்குத்தான் எண் மனப்பாடம்? தெரிந்த ஒருவரைப் பிடித்து எண்ணை வாங்கி அழைத்தால், இரண்டாவது சாவி முதலாளியிடமும் இல்லை. வண்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் அதை வாங்கித் தங்கள் அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். கூட்டம் கூடியது. ஒருவர் இரும்பு ஸ்கேல் கொண்டுவந்தார்; மற்றொருவர் குடைக்கம்பி கொண்டுவந்தார்; ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கண்ணாடியின் ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் இராமநாதபுரத்திலிருந்து சாவி செய்பவர் ஒருவர் வந்து திறந்தார். அதற்குள் மீன் போய்ச் சேர வேண்டிய நேரம் தவறி, விலை இறங்கிவிட்டது. விலைக்குறைவும், சாவிக்காரருக்குக் கொடுத்ததும், கிழிந்த ரப்பரும் ஆக எல்லாம் அண்ணனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. “ஒரு சாவியப் பாத்துக்கத் தெரியாதவன நம்பி வண்டியக் குடுத்தேனே” என்றார் முதலாளி. “சரிங்க முதலாளி” என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

நலிந்த பேட்டரியை மாற்றாதவர் யார்? இரண்டாவது சாவியைக் கடன்காரரிடம் கொடுத்தவர் யார்? அந்தக் கேள்விகளை அன்று கூடிய கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மறதியின் இலக்கணம்

மனித மறதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எந்த வேலையிலும் முக்கியமான பயன் கிடைத்தவுடன் மனம் அடுத்த வேலைக்குத் தாவிவிடும். எஞ்சி நிற்கும் சிறு வேலைதான் மறந்துபோகும். தபால் பெட்டியில் உறையைப் போட்ட பிறகு, அஞ்சல்தலை ஒட்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்பவர் எத்தனை பேர்! ஏ.டி.எம். இயந்திரங்களில் இதை நன்கு காணலாம். பணத்தை முதலில் கொடுத்து அட்டையைப் பின்னர் கொடுத்த இயந்திரங்களில், பணம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அட்டையை விட்டுச் சென்றவர் பலர். அட்டையை எடுத்தாலொழியப் பணம் வெளிவராது என்று வரிசையை மாற்றியதும் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. மக்கள் ஒரே நாளில் கவனசாலிகள் ஆகிவிடவில்லை. இயந்திரத்தின் ஒழுங்கு மாறியது, அவ்வளவே.

ஓட்டுநரின் நிலையும் இதுவே. அவர் மனத்தில் இருக்கும் வேலை பொருளை ஒப்படைப்பது. இறங்குவதும், கதவைச் சாத்துவதும், சாவியை எடுப்பதும் அதற்கு இடையில் வரும் துணுக்குகள். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை ஏறி இறங்குகிறவர் ஒரு முறை தவறினால், அது அவர் குணத்தைக் காட்டாது. அவர் வேலையின் எண்ணிக்கையைத்தான் காட்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் அறிந்து சொன்ன உண்மையன்றோ?

ஜப்பான் நாட்டில் ஷிகியோ ஷிங்கோ என்றொரு தொழில்துறைப் பொறியாளர் இருந்தார். 1961ஆம் ஆண்டில் அவர் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே சிறிய சுவிட்சு ஒன்றுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகளை வைத்துப் பூட்ட வேண்டும். தொழிலாளர்கள் சில வேளை ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள்; பயனில்லை. ஷிங்கோ சொன்ன வழி மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால், மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு அவர் முதலில் வைத்த பெயர் ‘முட்டாள்தனத்தைத் தடுப்பது’ என்ற பொருள்படும் ‘பாகா-யோகே’. 1963இல் வேறொரு தொழிற்சாலையில் அந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தன்னை அவ்வளவு முட்டாளாகவா கருதினார்கள் என்று கலங்கி அழுதார். அதன்பின் ஷிங்கோ அப்பெயரைக் கைவிட்டு, ‘கைத்தவற்றைத் தடுப்பது’ என்ற பொருளில் ‘போகா-யோகே’ என்று மாற்றினார். இன்று உலகத் தொழிற்சாலைகள் வழங்கும் பெயர் அதுவே. ஒரு தொழிலாளியின் கண்ணீர் ஒரு கலைச்சொல்லைத் திருத்தியது. மறந்தவனை முட்டாள் என்று அழைப்பதற்குமுன் நாமும் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மரபிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. திருக்குறளில் மறதியின் தீமையை எடுத்துரைக்க வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அது 54ஆம் அதிகாரம். பொருட்பாலில் அரசியலுக்குரிய பகுதியில் உள்ளது. மறவாமை முதலில் வேண்டப்படுவது ஆளுகின்றவனிடத்தில் என்பது அந்த இட வைப்பிலிருந்தே தெரிகிறது. வண்டியை ஆளுகின்றவர் முதலாளி. பேட்டரியையும் இரண்டாவது சாவியையும் மறந்தவருக்கு அந்த அதிகாரம் பொருந்தாதா?

முதலாளியின் அச்சம்

மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். சாவியை ஓட்டுநரிடம் கொடுக்க முதலாளிகள் தயங்குவதற்குக் காரணங்கள் உள்ளன. வண்டி களவு போனால், இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு மூலச் சாவிகளையும் கேட்கின்றன. ஒன்று இல்லையென்றால் கேள்வி எழுகிறது; பணம் தாமதமாகிறது. கடன் கொடுப்பவர்களில் சிலர், தவணை தவறினால் வண்டியை எடுத்துச் செல்ல வசதியாக இரண்டாவது சாவியைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கும் சிறு முதலாளிக்கும் அச்சம் இருக்கத்தான் செய்யும். மேலும், ஓட்டுநர் இருக்கையில் ஆளில்லாமல் எஞ்சினை ஓடவிட்டுப் பொது இடத்தில் வண்டியை நிறுத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் அனுமதிக்கவில்லை. ஓட்டுநரிடத்தில் தவறே இல்லையென்று நான் வாதிடவில்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். பல லட்சம் ரூபாய் பெறும் வண்டியையும், அதில் ஏற்றிய பொருளையும் நாள் முழுதும் ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். அவர் கையில் முதல் சாவி ஏற்கெனவே இருக்கிறது. வண்டியோடு ஓடிவிட நினைப்பவருக்கு அது போதாதா? இரண்டாவது சாவியை மறைத்து வைப்பதால் தடுக்கப்படும் களவு எது? எனக்குத் தெரிந்தவரை, அதனால் தடைபடுவது நேர்மையான ஓட்டுநரின் வேலை மட்டுமே.

மூலச் சாவி பத்திரமாக வீட்டில் இருக்கட்டும். அதைப் பார்த்து வெட்டிய மூன்றாவது சாவி ஒன்று ஓட்டுநரிடம் இருக்கலாமே! இங்கே அறிவியலும் கைகொடுக்கிறது. சில வண்டிகளின் சாவித் தலையில் சிறு ‘சிப்’ இருக்கிறது; அதன் குறியை வண்டி படித்தறிந்தால்தான் எஞ்சின் இயங்கும். அத்தகைய வண்டிகளுக்கு ‘சிப்’ இல்லாத சாதாரணச் சாவியை வெட்டினால், அது கதவைத் திறக்கும், எஞ்சினை இயக்காது. திருட்டு அச்சமும் இல்லை. வெளியே நிற்கும் துன்பமும் இல்லை. சாதாரணச் சாவிக்குச் சில நூறு ரூபாய்க்குமேல் ஆகாது. ஒரு நாள் மீனின் விலைக்குறைவோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பளப் பிடித்தம் நியாயமா?

இழப்பை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பது எங்கும் நடப்பதால் அதுவே நியாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்படைத்த பொருளுக்கு நேர்ந்த இழப்பைப் பிடிக்க வேண்டுமானால், அது அத்தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். பிடிக்குமுன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பிடிக்கும் தொகை இழப்பின் அளவைத் தாண்டக்கூடாது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த நெறி இது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்நெறி உள்ளது. நலிந்த பேட்டரியும் எட்டாத சாவியும் சேர்ந்து விளைவித்த இழப்பை ஒருவர் கவனக்குறைவின் நேரடி விளைவு என்று எப்படிச் சொல்வது? ஆனால் இவ்வாறு கேட்பதற்கு அந்த ஓட்டுநருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கேட்ட பிறகும் வேலை நிலைக்கும் என்ற உறுதி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால்தான் “சரிங்க முதலாளி” என்ற ஒரே சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது.

உள்ளே உயிர் இருந்தால்

வெளியே ஓட்டுநர் நிற்பதோடு போகாமல், உள்ளே ஓர் உயிர் அகப்பட்டுக்கொண்டால் செய்தி வேறாகிவிடும். வண்டியோடு வரும் உதவியாள் பையன் சில வேளை இருக்கையிலேயே உறங்கிவிடுகிறான். நிறுத்தி வைத்த வண்டிகளில் குழந்தைகள் ஏறி விளையாடுவதும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடச் சென்ற மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க இயலாமல் உயிரிழந்தனர்.

இதன் இயற்பியல் நாம் வகுப்பில் படித்ததுதான். வெயிலின் ஒளி கண்ணாடி வழியே உள்ளே புகுந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. சூடான பொருள்கள் வெளிவிடும் நீண்ட அலைக் கதிர்களைக் கண்ணாடி வெளியேற விடுவதில்லை. சூடான காற்றும் வெளியேற வழியில்லை. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடும். எனவே உள்ளே ஆள் இருந்தால் ஸ்கேலுக்கும் குடைக்கம்பிக்கும் காத்திருக்கலாகாது. உடனே 112க்குச் சொல்ல வேண்டும். உள்ளிருப்பவருக்குத் தொலைவான பக்கக் கண்ணாடி ஒன்றை அதன் மூலையில் அடித்து உடைக்க வேண்டும். பக்கக் கண்ணாடி பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடியோ இரு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டப்பட்டது, எளிதில் வழிவிடாது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

நாம் செய்யக் கூடியவை

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடமை. என் எண்ணங்கள் இவை.

முதலாவது, ஓட்டுநர்களுக்கு. கதவை ஒருபோதும் குமிழாலோ உட்பொத்தானாலோ பூட்ட வேண்டாம். வெளியே நின்று சாவியால் மட்டுமே பூட்டுவது என்று பழகினால், பழைய வீட்டுப் பூட்டின் அறிவு வண்டிக்கும் வந்துவிடும். மூன்றாவது சாவியை அரைஞாண் கயிற்றிலோ சட்டையின் உட்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதை வண்டிக்குள் வைப்பது கிணற்றுக்குள் வாளியையும் கயிற்றையும் சேர்த்துப் போடுவது போன்றது. முதலாளியின் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

இரண்டாவது, வண்டி உரிமையாளர்களுக்கு. ஓடும் எஞ்சினை நிறுத்த அஞ்ச வேண்டாத அளவுக்கு வண்டியைப் பேணுங்கள். கடன் வாங்கும்போது இரண்டாவது சாவியைக் கேட்டால், கொடுக்குமுன் வெட்டுச்சாவி ஒன்று செய்துகொள்ளுங்கள். இழப்பு வந்தால் ஓட்டுநரைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது, நமக்கு. எங்கள் வீட்டில் கடன் பத்திரத்தை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். ‘சாவி ஒப்படைக்கப்பட்டது’ என்று ஒரு வரி அந்தப் பத்திரத்தில் இருந்தால், கையொப்பமிடுமுன் அதைப் படித்துச் சொல்ல நம்மால் முடியும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம். சாலையைத் துப்புரவு செய்கிறோம். அடுத்த முகாமில் ஒரு நாள் மாலை ஊரிலுள்ள வண்டி ஓட்டுநர்களைக் கூட்டி, சாவியைப் பற்றியும் சம்பளப் பிடித்தத்தைப் பற்றியும் 112 பற்றியும் பேசினால் என்ன? ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாளை நம்மில் சிலர் அதிகாரிகளாகலாம். சிலர் கடன் கொடுக்கும் அலுவலகங்களில் அமரலாம். சிலர் நான்கு வண்டி வைத்து நடத்தலாம். நமக்குக் கீழ் வேலை செய்பவர் ஒரு நாள் ஏதேனும் மறந்துவிட்டால், ‘ஏன் மறந்தாய்?’ என்று கேட்பதற்குமுன், ‘மறந்தாலும் கெடாமலிருக்க நான் என்ன செய்து வைத்தேன்?’ என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு விடையாக, அவர் கையில் இன்றே ஒரு சாவியைக் கொடுப்போம்.